அக்கா கொடுத்தது கோப்பி மட்டும்தான்

இதை எழுதுவதா, விடுவதா என்று பல வருடங்கள் இழுபட்டேன். எழுதத் தொடங்குவேன், மேசை லாச்சிக்குள் போட்டு வைப்பேன், பிறகு நானே எடுத்துக் கிழித்துவிடுவேன். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். என் எழுத்தெல்லாம் ஊருக்குப் போடும் கடிதத்தோடு சரி. அது ஒரு தயக்கம். மற்றது என் வீட்டுக்காரர். "ஏனப்பா சும்மா கிடக்கிறதைக் கிளறுறாய்? ஒரே கோயிலுக்குப் போற சனம். நாளைக்கு முகத்தைப் பாக்க வேணுமெல்லே" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அதிலும் நியாயம் இருக்கிறது என்று நினைத்து அடங்கிப் போனேன்.

இனி ஏலாது. ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்ன பொய், ஊர் சுற்றிவிட்டு என் குடும்பத்துக்குள்ளேயே வந்து இன்னொரு பெண்ணின் காணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. இதற்குப் பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு செபமாலை உருட்டினால் மாதா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வா.

அந்தப் பொய்யை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தவக்காலத் தியானங்களில், அந்தோனியார் திருநாள் முடிந்த சாப்பாட்டில், ஹம்பேர்க்கில் மட்டும் அல்ல, பேர்லினிலும் சொல்கிறார்கள். ஓர் இத்தாலிக்காரி தன் பங்குக் காணியைச் சகோதரங்களுக்கு விட்டுக்கொடுத்தாளாம். அழுது கட்டிப்பிடித்துச் சமாதானமானாளாம். அதற்குப் பிரதியாக ஆண்டவர் அவளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தாராம்.

அந்த அம்மா காணியைக் கொடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மன்னார்க் கரையிலிருந்து அகதியாக வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் நான் சேர்ந்த முதல் இடம் ஹம்பேர்க்கில் ஒரு சலவைக்கூடம். ஹோட்டல் விரிப்புகளும் துவாய்களும் லொறி லொறியாக வரும். விரிப்பின் இரண்டு மூலையை நான் பிடிக்க, மற்ற இரண்டு மூலையை எதிரே நின்று ஒரு அம்மா பிடிப்பார். உதறி, இழுத்து, சூடான உருளை மெஷினுக்குள் விடவேண்டும். இளம் வயதில் இத்தாலியின் சார்டீனியா என்ற தீவிலிருந்து ஜேர்மனிக்கு வேலைக்கு வந்தவர். கல்யாணம் கட்டி, பிள்ளை இல்லாமல், புருஷனையும் இழந்தவர். என்னைவிட நன்றாக மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். அது என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். பிறகு அதைத் தவிர வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். நாங்கள் பேசியது உடைந்த ஜேர்மன். இரண்டு பேருமே உடைத்ததால் நன்றாக விளங்கியது. அதை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

தீவு என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். "அப்ப உங்கடை ஆக்களும் கடல்தொழிலோ அக்கா?" என்றேன்.

"கடலோ? எங்கடை அப்பாவுக்கு நீந்தவே தெரியாது. நாங்கள் ஆட்டுக்காரர்."

நான் நம்பவில்லை. சுற்றிவரக் கடலை வைத்துக்கொண்டு மீன் பிடிக்காத சனம் எங்கே இருக்கிறது? அக்கா ஈர விரிப்பு ஒன்றை மேசையில் போட்டு, நடுவில் கையால் கூட்டிக் குவித்து மலையாக்கினார். ஓரங்களைத் தட்டித் தட்டையாக்கினார். "இதுதான் எங்கடை நாடு. சனம் இஞ்சை" என்று குவியலைக் காட்டினார். "இந்தக் கரையில ஒருத்தரும் இல்லை. முந்திக் கடலால கொள்ளைக்காரர் வருவினம். சதுப்பில நுளம்பு. காய்ச்சல் பிடிச்சால் குடும்பமே போகும். அதாலை எங்கடை ஆக்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவை."

அந்தத் தீவில் மனிதரைவிடச் செம்மறி ஆடுதான் கூட என்பார். கோடையில் மலைப்புல், குளிருக்குத் தாழ்ந்த நிலம். ஆண்கள் ஆட்டோடு போனால் மாதக்கணக்கில் வரமாட்டார்கள். வீடு, தோட்டம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் பெண்களின் தலையில். போகிறவர்களுக்கு அப்பளம் மாதிரி மெல்லிய, மொறுமொறுப்பான பாண் சுட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். அது எத்தனை நாள் இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்காது. ஆட்டுப்பாலைச் சீஸாக்கிக் கப்பலில் ஏற்றுவது ஒரு வருமானம். கார்க் மரத்தின் பட்டையை உரித்து விற்பது இன்னொன்று. உரித்த மரம் தோல் உரித்த கால் மாதிரிச் சிவப்பாக நிற்குமாம். வடமேற்குக் காற்று ஓயாது. மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் வளைந்து, கூப்பிட்டவுடன் ஓடப்போகிறது போல நிற்குமாம்.

அந்த ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. காணி பிரிக்கும்போது புல் முளைக்கிற மேட்டு நிலம் ஆண்பிள்ளைகளுக்கு. உப்புக் காற்றில் பற்றை தவிர வேறொன்றும் முளைக்காத கடற்கரை பெண்பிள்ளைகளுக்கு. ஒன்றும் கொடுக்கவில்லை என்று ஊர் சொல்லக்கூடாது பாருங்கள், அதற்காக. அக்காவின் அண்ணருக்கு ஊற்றோடு மேய்ச்சல் நிலம். தம்பிக்குக் கார்க் தோப்பு. அக்காவுக்குப் பாறையும் மணலும் ஒரு சின்னக் குடாவும், ஆடு மழைக்கு ஒதுங்கும் ஒரு கல் கொட்டிலும். அந்தப் பாகத்தை வைத்து ஒரு மாப்பிள்ளை வரமாட்டான் என்றுதான் ஜேர்மனிக்கு றெயில் ஏறினார்.

"எங்களில அப்படி இல்லை அக்கா" என்று நான் பெருமை அடித்தேன். "எங்களில பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதல் காணி. சீதனக் காணியில சகோதரம் கை வைக்காது."

"கவனம். கடற்கரை விலை ஏறும் வரைக்கும் எங்கடை சகோதரங்களும் நல்லவைதான்" என்று சிரித்தார்.

விலை ஏறியது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு மருந்தடித்து நுளம்பை ஒழித்தார்கள். காய்ச்சல் போனது. பணக்காரர் படகுகளில் வந்தார்கள். முதுகு காட்டிய கரையில் இப்போது ஹோட்டல்கள். "நாங்கள் அயன் பண்ணுற மாதிரி விரிப்பில படுக்கத்தான் அவை என்ரை கரைக்கு வருகினம்" என்று விரிப்பை ஓங்கி உதறுவார். ஒரு கொம்பனி அக்காவின் குடாவைக் கேட்டது. அக்கா முடியாது என்றார். பென்ஷன் எடுத்ததும் அந்தக் கல் கொட்டிலைத் திருத்தி அதில் இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம். சலவைக்கூடத்து நீராவியில் நின்று வேலை செய்த அவ்வளவு காலமும் அந்த ஒரு நினைப்பில்தான் நின்றார். ஊரே வேண்டாம் என்று தள்ளிய கல்லை அவர் மட்டும் தன் மனதில் வீடாகக் கட்டி வைத்திருந்தார்.

சகோதரர்களுக்கு அது பொறுக்கவில்லை. அப்பா பிரித்தது பிழையாம். எல்லாவற்றையும் ஒன்றாக்கி, கரையைக் கொம்பனிக்கு விற்று, மூன்றாகப் பிரிக்கவேண்டுமாம். புல் மட்டும் விலை போன காலத்தில் இந்த மூன்றாகப் பிரிக்கும் நீதி எங்கே போயிருந்தது? கேட்கிறேன், எங்கே போயிருந்தது? அக்காவின் கையெழுத்து இல்லாமல் அவர்களால் ஒன்றும் செய்ய ஏலாது. அதனால்தான் கும்பிடு போட்டுக்கொண்டு ஹம்பேர்க்குக்கு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோயிலில் காலையில் இத்தாலிக்காரருக்குப் பூசை, பின்னேரம் எங்களுக்கு. இடையில் கோயில் மண்டபம் இரண்டு பகுதிக்கும் பொது. அன்று எனக்கு மண்டபத்துக் குசினியில் முறை. எங்கள் சனம் பூசைக்கு முந்திய செபமாலைக்காக ஒரு பக்கத்தில் கூடியிருந்தது. செபம் சொல்லித் தருகிற எங்கள் மூப்பரும் அங்கே இருந்தார். மற்றப் பக்கத்து மேசையில் அக்கா, அவருடைய அண்ணர், தம்பி, காலைப் பூசை வைத்த இத்தாலிச் சுவாமி. மேசை நடுவில் பெரிய வட்டமாக ஆட்டுப்பால் சீஸ். ஊரிலிருந்து கொண்டுவந்தது. அக்கா என்னைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

அவர்கள் பேசியது எனக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்கத் தேவையும் இல்லை. அண்ணர் மேசையில் தட்டினார். தம்பி கண்ணைத் துடைத்தார். தாய் படுக்கையில் கிடக்கிறா, பிள்ளைகள் ஒற்றுமை என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூட ஆசைப்படுகிறா என்றதை அக்கா பிறகு சொன்னார். சுவாமி கடைசியாக, எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, ஜேர்மனில் சொன்னார்: "நீ ஒரு கிறிஸ்தவப் பெண். மன்னிக்க வேணும்."

அக்கா ஜேர்மனிலேயே திருப்பிக் கேட்டார். "சுவாமி, மன்னிக்கிறது நான் எண்டால், பிழை செய்தது ஆர்?"

சுவாமி அண்ணரைப் பார்த்தார்.

"பிழை செய்தவையை மன்னிக்கிறன். இண்டைக்கே மன்னிக்கிறன். மன்னிக்கிறவள் காணியும் எழுதிக் குடுக்க வேணும் எண்டு எந்தச் சுவிசேஷத்தில கிடக்கு?"

சொல்லிவிட்டு எழும்பிக் குசினிக்குள் வந்து, கோப்பிக் கேத்திலை அடுப்பில் வைத்தார். நானும் கூடவே வந்தேன்.

"அக்கா, ஓமெண்டு சொல்லப் போறியளோ?"

"ஏன்?"

"கோப்பி போடுறியளே."

என்னை விசரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கோப்பிக்கும் காணிக்கும் என்ன?"

நான் விளங்கப்படுத்தினேன். எங்களில் காணி, கல்யாணம் என்று எந்தப் பிரச்சினையும் பேசி முடிந்த பிறகுதான் வீட்டுப் பெண் தேத்தண்ணீர் கொண்டு வருவா. வந்துவிட்டது என்றால் பேச்சு முற்று. கோபக்காரருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டோம், அவர்களும் குடிக்கமாட்டார்கள்.

அக்கா அந்தக் கவலைக்குள்ளும் சிரித்தார். "அப்ப உங்கடை ஊரில சண்டைக்கு வாறவன் தொண்டை வறண்டு சாவானோ? எங்களில அப்பனைக் கொன்றவன் வந்து கதவைத் தட்டினாலும் கோப்பி குடுப்பம். அது என்ரை மரியாதை, அவன்ரை அல்ல. குடுக்கிறதாலை ஒண்டும் ஆகாது பிள்ளை. வாங்கினால்தான் கட்டுப்பட வேணும்." கோப்பையை அடுக்கிக்கொண்டே, "நான் அந்தச் சீஸைத் தொட்டனானோ எண்டு பார்" என்றார்.

தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் பின்னால் போய்ப் பக்கத்தில் நின்றேன். அண்ணருக்கு முதலில். பிறகு சுவாமிக்கு. தம்பிக்குக் கொடுக்கும்போது அவர் எழும்பிக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். அக்காவும் அழுதார். பெற்ற தாய் சாகக் கிடக்கிறா என்றால் யார் அழமாட்டார்கள்? அழுகை தாய்க்கு. காணிக்கு இல்லை.

அந்தப் பக்கத்திலிருந்து மூப்பரின் குரல் கேட்டது. "முடிஞ்சுது! பாத்தியளே? கோப்பி குடுத்திட்டா. கட்டிப்பிடிச்சு அழுகினம். விட்டுக்குடுத்திட்டா மனிசி. எழும்புங்கோ, செபமாலைக்கு நேரமாச்சு." சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிக் கோயிலுக்குள் போனது. பேச்சு முடிய முன்னமே முடிவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

மண்டபம் வெறுமையானது. அண்ணர் கோப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கவிழ்த்தார். அப்போதுதான் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஜேர்மனில் பேசினார். அண்ணரும் முந்தி இங்கே வேலை செய்தவர், அவருக்கும் விளங்கும். எனக்கும் விளங்கவேண்டும், சாட்சி வேண்டும் என்றுதான் அந்த மொழியில் சொன்னார்.

"கோப்பி குடிச்சிட்டியள். நல்லது. இனிக் கேளுங்கோ. கல்லு எண்டு தந்தியள், கல்லெண்டே வாங்கினன். அது பொன்னெண்டு இப்பதான் உங்களுக்குத் தெரிஞ்சால் அது என்ரை குற்றம் அல்ல. நான் தரமாட்டன். அம்மாவுக்கு வேணுமெண்டால் பொய் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லவேண்டாம்."

பிறகு அந்தச் சீஸ் வட்டத்தைத் துணியோடு தூக்கி அண்ணரின் கையில் வைத்தார். அந்தப் பெரிய மனிதர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டிக் காருக்குப் போனதை நான் மண்டபத்து யன்னலால் பார்த்தேன். அதுதான் நடந்தது. எங்கள் சனம் கண்டது கோப்பி உள்ளே போனதை. சீஸ் திரும்பிப் போனதை ஒருவரும் காணவில்லை.

தாய் அந்த வருடமே இறந்தா. புதைத்த பிறகுதான் அக்காவுக்குச் சொன்னார்கள். பெற்றவளுக்கு ஒரு பிடி மண் போட விடவில்லை. சமாதானம் கேட்டு வந்தவர்கள் கொடுத்த தண்டனை அது. அக்கா மறுநாள் வேலைக்கு வந்து, விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் மற்ற மூலைகளோடு நடந்து போய் அவர் கையில் சேர்த்தேன். அதைவிட வேறென்ன செய்ய?

நாங்கள் பெண்கள் சேர்ந்து அந்தத் தாய்க்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தோம். அக்காவும் வந்திருந்தார். பூசைக்கு முன் மூப்பர் எழும்பி, பிள்ளைகள் காணிச் சண்டை தீர்ந்து ஒன்றானதைக் கேட்டு நிம்மதியாகக் கண்மூடிய தாய் என்று அறிவித்தார். அக்காவுக்குத் தமிழ் விளங்காததற்கு நான் அன்றைக்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பூசை முடிந்ததும் நேரே மூப்பரிடம் போனேன்.

"அண்ணை, நீங்கள் பிழையாச் சொல்லுறியள். அவ குடுக்கேல்லை."

"பிள்ளை, நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

"நீங்கள் கண்டது கோப்பி. நான் காணிப் பேச்சுக்குள்ள நிண்டனான். தரமாட்டன் எண்டு முகத்துக்கு நேரே சொன்னவ."

அவர் சுற்றிவரப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சரி, அப்படித்தான் இருக்கட்டுமே. சனத்துக்கு நல்ல பாடம்தானே? விட்டுக்குடுத்தால் ஆசீர்வாதம் எண்டு சொல்லுறதில என்ன பாவம்?"

என்ன பாவமோ! பொய்ச்சாட்சி சொல்லாதே என்று பத்துக் கற்பனைகளைச் சிறுபிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணுவிக்கிறவர் கேட்கிறார், என்ன பாவம் என்று. நான் தேவநற்கருணை வாங்கிய வாயோடு அன்று அவரைப் பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்று எழுதவில்லை. அதற்குப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆனால் பேசியதற்கு இன்றைக்கும் எனக்கு மனவருத்தம் வரவில்லை.

அந்தப் பாடம் என்ன செய்தது என்று கேளுங்கள். என் வீட்டுக்காரரின் தங்கச்சி வேறொரு பட்டினத்தில் இருக்கிறா. தாய் தகப்பன் அவவுக்குச் சீதனமாகக் கொடுத்த காணி ஊரில் இருந்தது. கனடாவில் இருக்கும் மூத்த தமையன் அதைத் தனக்கு எழுதித் தரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவ மாட்டேன் என்று நின்றா. ஒரு தியானத்துக்குப் போனா. அங்கே மூப்பர் இந்தக் கதையைச் சொன்னார். வீட்டுக்கு வந்து எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு எனக்கு ரெலிபோன் எடுத்தா.

"மச்சாள், மனசு லேசாக் கிடக்கு. அந்த இத்தாலிக்கார அம்மாவே விட்டுக்குடுத்தவ எண்டால் நான் எம்மாத்திரம்?"

அவவின் சந்தோஷத்தை உடைக்க வாய் வரவில்லை. ஆனால் உடைத்தேன். "அப்ப நான் ஆரைப் பாத்துக் குடுத்தனான்?" என்றா. இதற்கு மூப்பர் பதில் சொல்லட்டும். என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. "எழுத வேண்டாம்" என்று அதற்குப் பிறகு அவர் சொல்லவும் இல்லை.

அக்காவுக்கு ஆண்டவர் அள்ளிக் கொடுத்தார் என்கிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் பென்ஷன் எடுத்துக்கொண்டு தீவுக்குப் போனார். கொட்டிலுக்குக் கூரை போட்டார். சில வேளை ஊர்க் கோப்பிக் கடையிலிருந்து ரெலிபோன் எடுப்பார். அடுத்த குடாவில் ஹோட்டல் வந்துவிட்டதாம், இரவும் பகலும் வெளிச்சமாம். அவருடைய கரையில் இன்னும் பற்றையும் பாறையும்தானாம். குளிருக்கு ஒரு ஆட்டுக்காரன் மந்தையை அங்கே கொண்டுவந்து விடுகிறான், பால் கொடுக்கிறான். அண்ணர் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் மாறி நடக்கிறார். ஒருமுறை, நத்தார்ப் பெருநாளுக்குத் தனியச் சாப்பிட்டதாகச் சொன்னார். "அக்கா, குடுத்திருந்தால் நல்லம் எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை. கவலைதான். ஆனா இது என்ரை வாசலில இருந்து படுற கவலை" என்றார். இவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. நான் அதைச் சின்னது என்று சொல்லமாட்டேன்.

விட்டுக்கொடுக்கவேண்டாம் என்று நான் ஒருவருக்கும் போதிக்கவில்லை. நானும் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டுத்தான் படுக்கப் போகிறவள். தன் மனதார விட்டுக்கொடுப்பவர் விட்டுக்கொடுக்கட்டும், அதற்கு ஆண்டவர் இருக்கிறார். ஆனால் மாட்டேன் என்று சொன்ன ஒருத்தியின் வாயில் ஓம் என்ற சொல்லைத் திணித்து, அதைக் காட்டி மற்றப் பெண்களின் கையில் பேனையைத் திணிக்காதீர்கள்.

இதை வாசிக்கிறவர்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில், கோயிலில், அந்தப் பழைய கதையை யாராவது தொடங்கினால் இதைச் சொல்லுங்கள். இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். அக்காவைப் புனிதை ஆக்கவும் வேண்டாம், கல்நெஞ்சுக்காரி ஆக்கவும் வேண்டாம். கேட்கிறவர்கள் மனம் குளிரவேண்டும் என்று முடிவில் ஒரு ஆசீர்வாதத்தை ஒட்டாதீர்கள். அழுதார் என்றால் தாய்க்காக என்று சொல்லுங்கள். தரமாட்டன் என்றார் என்றால் தரமாட்டன் என்றே சொல்லுங்கள், அந்தச் சொல்லை மென்மையாக்காதீர்கள்.